எண்ணெயும் குளிர்விப்பு நீர்மமும்: தொழிலகப் பராமரிப்புப் பணியாளர்க்கான பகுப்பாய்வுப் பயிற்சி

ஆய்வுச்சுருக்கம்

எந்திரங்களின் மசகெண்ணெயையும் குளிர்விப்பு நீர்மத்தையும் சோதித்துப் பழுதை முன்னறியும் முறை தொழிலகப் பராமரிப்பில் நிலைபெற்றுள்ளது. ஆய்வகக் கருவி எத்துணை நுட்பமானதாயினும், மாதிரி எடுப்போரும் அறிக்கையைப் படிப்போரும் பயிற்சி பெறாவிடில் அதன் முடிவு பயன்தராது. எண்ணெயையும் நீர்மத்தையும் வேறுவேறு பாடங்களாகக் கற்பிப்பதும் பொருந்தாது. இவ்விரு கருத்துகளையும் டீசல் எந்திரத்தை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மசகெண்ணெய், குளிர்விப்பு நீர்மம், தேய்மான உலோகம், மாதிரி எடுத்தல், பராமரிப்புப் பயிற்சி, அறிவியல் தமிழ்.

முன்னுரை

டீசல் எந்திரத்தைப் பிரிக்காமலே அதன் உள்நிலையை அறிய உதவும் சான்றுகளுள் அதனுள் ஓடும் மசகெண்ணெய் முதன்மையானது. பேரிங், பிஸ்டன் வளையம், லைனர், பற்சக்கரம் ஆகியவற்றிலிருந்து தேய்ந்து உதிரும் உலோகத் துகள்கள் எண்ணெயோடு கலந்து சுழல்கின்றன. எந்த உலோகம் எவ்வளவு கலந்துள்ளது என்பது தெரிந்தால், எப்பகுதி தேய்கிறது என்பதை உய்த்துணரலாம். இக்கருத்து நடைமுறைக்கு வந்ததில் இரயில்வே துறைக்குப் பெரும்பங்கு உண்டு. 1940களில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் இரயில்வே நிறுவனம் தன் டீசல் எஞ்சின்களில் பயன்பட்ட எண்ணெயை நிறமாலை முறையில் சோதித்தது. 1950களில் அமெரிக்கக் கடற்படை அம்முறையை வானூர்தி எந்திரங்களுக்கும் விரித்தது. இந்திய இரயில்வேயின் டீசல் பணிமனைகளிலும் இத்தகைய ஆய்வகங்கள் இயங்கி வந்துள்ளன.

இப்பணியில் ஈடுபடுவோர்க்குரிய பயிற்சியையும் தகுதியையும் ஐ.எஸ்.ஓ. 18436 தரத்தின் நான்காம் பகுதி மூன்று படிநிலைகளாக வகுக்கிறது. அது களநிலை மசகெண்ணெய்ப் பகுப்பாய்வுக்கு உரியது. குளிர்விப்பு நீர்மம் அதன் தலைப்பில் இல்லை. இப்பிரிவினை ஏட்டளவில் வசதியானதே. எந்திரத்துக்குள் அது செல்லுபடியாவதில்லை என்பது பின்னர் விளக்கப்படும்.

மாதிரி எடுத்தல்

ஆய்வகத்துக்கு வரும் புட்டியில் இருப்பது ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் எண்ணெய். எந்திரத்தில் ஓடும் முழு எண்ணெய்க்கும் அது சான்றாக நிற்க வேண்டும். எந்திரம் நின்று குளிர்ந்தபின் அடித்தொட்டியின் வடிதிருகைத் திறந்து எடுக்கும் மாதிரி அவ்வாறு நிற்காது. பல மாதங்களாக அடியில் படிந்த கசடே அதில் மிகுதியாக வரும். எந்திரம் இயல்பான வெப்பநிலையில் ஓடும்போதோ நிறுத்திய சில நிமிடங்களுக்குள்ளோ, வடிகட்டிக்கு முன்னுள்ள இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எடுக்க வேண்டும். வால்வில் தேங்கிய பழைய எண்ணெயை முதலில் வெளியேற்றிவிட வேண்டும். உறிஞ்சுபம்பு கொண்டு எடுப்பதாயின் குழாய் புதிதாக இருத்தல் வேண்டும். முந்தைய எந்திரத்துக்குப் பயன்படுத்திய குழாய் அதன் நோயை அடுத்த எந்திரத்தின் அறிக்கையில் ஏற்றிவிடும்.

புட்டியின் மேல் ஒட்டும் சீட்டு பயிற்சியில் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் முடிக்கப்படும் பகுதி. அது தவறு. எந்திரம் ஓடிய மணிநேரம், எண்ணெய் மாற்றியபின் ஓடிய மணிநேரம், இடையில் ஊற்றிய எண்ணெயின் அளவு ஆகிய மூன்றும் இல்லையெனில் ஆய்வக எண்ணுக்குப் பொருளில்லை. எடுத்துக்காட்டாக, 250 மணிநேரத்தில் இரும்பு பத்து இலட்சத்தில் 30 பங்கும், 500 மணிநேரத்தில் 60 பங்கும் இருப்பின் தேய்மான வீதம் மாறவில்லை. சீட்டில் மணிநேரம் இல்லாதபோது இதே எண்கள் இருமடங்கு தேய்மானமாகத் தோன்றும். நன்றாக ஓடும் எந்திரம் காரணமின்றி நிறுத்தப்படும். இடையில் நிறையப் புதிய எண்ணெய் ஊற்றியதைக் குறிக்காவிடில் நிலை நேர்மாறாகும்: தேய்மானம் உயர்ந்தும் எண் உயராது.

அறிக்கையைப் படித்தல்

தொடக்கநிலைப் பயிற்சியாளர் அறிக்கையில் சிவப்பு நிறமிட்ட எண்ணைத் தேடுகிறார். ஆனால் ஏமாற்றும் எண்கள் பல இயல்பான நிறத்திலேயே இருக்கும். பாகுநிலை இதற்குச் சிறந்த சான்று. எஸ்.ஏ.இ. 40 தர எண்ணெயின் பாகுநிலை 100 பாகை செல்சியசில் 12.5 முதல் 16.3 வரை இருக்க வேண்டும். எரிபொருள் கசிந்து கலந்தால் பாகுநிலை குறையும்; புகைக்கரி சேர்ந்தால் உயரும். இரண்டும் ஒருசேர நிகழ்ந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்து எண் எல்லைக்குள்ளேயே நிற்கும். பழுதான இன்ஜெக்டர் ஒன்று இவ்விரண்டையும் சேர்த்தே தரக்கூடும். ஆகவே பாகுநிலையைத் தீப்பற்றுநிலை, கரியளவு ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கப் பழக்க வேண்டும்.

செம்பு இன்னொரு வகைச் சிக்கல். புதிய எந்திரத்தில் செம்பின் அளவு திடீரென உயர்ந்தால் பேரிங் போய்விட்டது என அஞ்சுவது இயல்பு. ஆயில் கூலரின் செப்புக் குழாய்களோடு எண்ணெயிலுள்ள தேய்மானத் தடுப்பு வேதிப்பொருள் வினைபுரிவதாலும் அந்த உயர்வு ஏற்படும். குழாயின் உட்பரப்பில் படலம் உருவானபின் அது தானே தணியும். ஈயமும் வெள்ளீயமும் உடன் உயர்கின்றனவா என்று பார்ப்பதே வேறுபடுத்தும் வழி. சிலிக்கனும் அத்தகையதே. அலுமினியத்தோடும் இரும்போடும் சேர்ந்து உயர்ந்தால் காற்று வடிகட்டி வழியே தூசி புகுகிறது எனக் கொள்ளலாம்; தனித்து உயர்ந்தால் அண்மையில் பூசிய கேஸ்கெட் பசையாகவும் இருக்கலாம். பணிமனையின் பதிவேட்டைப் பார்க்காமல் இதை ஆய்வகம் தீர்மானிக்க இயலாது.

கருவியின் எல்லையையும் கற்பித்தாக வேண்டும். வழக்கமான நிறமாலைமானி ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களையே நன்கு அளவிடும். பற்சக்கரத்தின் பரப்பு களைப்புற்றுச் செதில் செதிலாகப் பெயரும்போது உருவாகும் துகள்கள் அதனினும் பெரியவை. இரும்பின் எண் தாழ்ந்திருக்க, பற்சக்கரம் அழிந்துகொண்டிருக்கும். காந்தப்புலத்தால் துகள்களைப் பிரித்து நுண்ணோக்கியில் காணும் ஃபெரோகிராபி முறை 1970களில் உருவானதற்கு இக்குறைபாடே காரணமாயிற்று.

குளிர்விப்பு நீர்மம்

வெப்பநாடுகளில் இந்நீர்மத்தைப் பணியாளர் நீராகவே கருதுவது வழக்கம். எத்திலீன் கிளைக்கால் உறைதலைத் தடுக்கும் பொருள் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், உறைபனி இல்லாத ஊரில் அது எதற்கு என்ற வினா எழுவது நியாயமே. கொதிநிலையை உயர்த்துவதும், அதனோடு வரும் அரிப்புத் தடுப்பான்களும் இங்கு முக்கியமானவை. ஈர லைனரின் அதிர்வால் நீர்மத்தில் குமிழிகள் தோன்றி, சுவரை ஒட்டி வெடித்து, உலோகத்தில் ஊசித்துளைகள் இடுகின்றன. நைட்ரைட் போன்ற தடுப்பான்கள் உருவாக்கும் படலமே லைனரைக் காக்கிறது. குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் தடுப்பான் நீர்த்துப்போவதோடு, கடினநீரின் கால்சியமும் மக்னீசியமும் மிகச் சூடான இடங்களில் உப்புப்படிவாக ஒட்டும்.

மாதிரி எடுக்கும் முறையிலும் முரண் உண்டு. எண்ணெயைச் சூட்டோடு எடுக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை எந்திரம் ஆறியபின்னரே திறக்க வேண்டும். அழுத்தத்திலுள்ள கொதிநீர்மம் பீறிட்டுப் பணியாளரைச் சுட்டுவிடும். ஒரே பயிற்சி வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டுவது இதனாலும் தேவையாகிறது.

இரண்டும் கலக்குமிடம்

குளிர்விப்பு நீர்மம் எண்ணெய்க்குள் கசிந்தால் எண்ணெயில் நீரும் கிளைக்காலும் தென்பட வேண்டும் என்பது பாடநூல் விடை. ஓடும் எந்திரத்தின் வெப்பத்தில் நீர் ஆவியாகிவிடும். கிளைக்கால் சிதைந்து அமிலங்களாக மாறும். ஆகவே சோதனை இரண்டும் இல்லை என்று சொல்லக்கூடும். எஞ்சி நிற்பவை தடுப்பான்களோடு வந்த சோடியமும் பொட்டாசியமும் ஆகும். இவ்விரண்டும் சேர்ந்து உயர்வதைக் கண்ட பயிற்சியாளர், பயன்படுத்தும் நீர்மத்தில் எந்த உப்புகள் உள்ளன என்பதை அறிந்திருந்தால்தான் அதைக் கசிவு என அடையாளம் காண்பார். எண்ணெயை மட்டும் கற்றவர்க்கு அது பொருளற்ற எண்ணாகவே தோன்றும். இங்கே இழப்பு பெரிது. கசிவு நீடித்தால் எண்ணெய் கசடாகி வடிகட்டி அடைபடும், பேரிங் இறுகும். எதிர்த்திசையிலும் இவ்வாறே: எரிவாயு நீர்மத்துக்குள் புகுந்தால் அதன் காரத்தன்மை குறையும், சல்பேட் உயரும்.

பயிற்சிமொழி

கலைச்சொல் பற்றிய சிக்கல் ஒன்றும் இங்கு எழுகிறது. பாகுநிலை என்பது தமிழகப் பாடநூல் சொல். இலங்கை வழக்கில் பிசுக்குமை. பணிமனையிலோ ‘விஸ்காசிட்டி’ என்பர், அல்லது ஆயில் ‘இளகிவிட்டது’, ‘கெட்டியாகிவிட்டது’ என்பர். இளகுதல் என்னும் வினைச்சொல் மாற்றத்தைக் குறிக்கிறது. நிலையான எண்ணைக் குறிப்பதில்லை. அறிக்கையை மாற்றத்தின் வரலாறாகப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வழக்கு கலைச்சொல்லைவிடத் துணைசெய்யும். ஆங்கிலத்தில் வரும் ஆய்வறிக்கையோடு ஒட்டுவதற்குக் கலைச்சொல்லைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

பயிற்சியின் தேர்வு முறையும் இதையொட்டி அமைய வேண்டும். ஒரே எந்திரத்தின் தொடர்ச்சியான நான்கைந்து அறிக்கைகளையும் நீர்மச் சோதனை முடிவுகளையும் பராமரிப்புப் பதிவேட்டையும் ஒருங்கே கொடுத்து, எந்திரத்தை நிறுத்துவதா, மறுமாதிரி எடுப்பதா, ஓடவிடுவதா என்று எழுதச் செய்யலாம். அந்த எந்திரம் பின்னர் பழுதுபார்ப்புக்காகப் பிரிக்கப்படும் நாளில், அவ்விடையை எழுதியவரையே வரவழைத்து, கழற்றிய பேரிங்கையும் லைனரையும் தம் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தல் வேண்டும்.