மின்சார வண்டிகளும் வினியோகக் கம்பிகளும்

ஒரு வட்டாரத்தில் மின்சார மோட்டார் வண்டிகள் பெருகுமா என்பது வண்டிகளின் விலையை மட்டும் பொறுத்ததன்று. தெருக்கோடியில் நிற்கும் டிரான்ஸ்பார்மரின் தாங்கும் சக்தியையும் பொறுத்தது. டில்லி மாநகரம் இதற்குத் தக்க உதாரணமாகும். 2024-ஆம் ஆண்டிற்குள் புதிதாகப் பதிவாகும் வண்டிகளில் நான்கில் ஒரு பங்கு மின்சார வண்டிகளாக இருக்கவேண்டும் என்ற இலக்கை டில்லி அரசாங்கத்தின் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை வகுத்தது. இலக்கை வகுப்பது அரசாங்கத்தின் வேலை; மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது வினியோகக் கம்பெனிகளின் வேலை.

இடர்ப்பாடு மின்சாரத்தின் மொத்த அளவில் இல்லை. ஒரு யூனிட்டில் கார் 6 அல்லது 7 கிலோமீட்டர் ஓடும். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 6 அல்லது 7 யூனிட்டுகள் போதும். கோடை இரவில் ஓர் அறையின் குளிர்சாதனக் கருவி செலவிடுவதும் இதற்கு வெகு குறைவன்று. இடர்ப்பாடெல்லாம் நேரத்தில்தான் உள்ளது. அலுவலகம் விட்டு வீடு திரும்பும் அனைவரும் ஒரே வேளையில் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றத் தொடங்குகின்றனர்.

100 கிலோவோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவில் அதன் பளு 75 என்க. 3.3 கிலோவாட் வீதம் பத்துக் கார்கள் சேர்ந்தால் 33 கூடி, பளு 108 ஆகிவிடும். அதே கார்களை ஐந்து ஐந்தாகப் பிரித்து, பின்னிரவு 2 மணி முதல் 6 மணிக்குள் இரு தவணைகளில் ஏற்றினால், கூடுவது 16.5 மட்டுமே. பளு 50-ஆகக் குறைந்திருக்கும் அவ்வேளையில் இது ஒரு பொருட்டே அன்று. (உயர் வகுப்பு மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சிக் கணக்கு.)

டில்லியில் கோடையில் பிற்பகலிலும், மீண்டும் நள்ளிரவை ஒட்டியும் தேவை உச்சம் அடைகிறது. 2024 ஜூன் 19-இல் அது 8,656 மெகாவாட்டை எட்டியது. பகலில் சூடேறிய டிரான்ஸ்பார்மர் இரவில் ஆறவேண்டும். சுருளின் மிகச் சூடான இடத்தில் வெப்பம் வரம்பிற்குமேல் சுமார் 6 டிகிரி உயருந்தோறும் உள்ளிருக்கும் காப்புக் காகிதம் இருமடங்கு வேகத்தில் நைந்துபோகிறது. ஆறும் நேரத்தையும் கார்கள் பிடுங்கிக்கொண்டால் அதன் ஆயுள் குறைவது திண்ணம்.

மேற்பார்வையில் புலப்படாத மற்றொரு தொல்லையும் உண்டு. வீட்டுக் கருவி ஒவ்வொன்றும் ஒரே பேஸிலிருந்து சுமார் 14 ஆம்பியர் இழுக்கிறது. மேற்சொன்ன டிரான்ஸ்பார்மரின் ஒரு பேஸ் தாங்குவது சுமார் 133 ஆம்பியர். பத்துக் கார்களும் தற்செயலாக ஒரே பேஸில் அமைந்தால், வேறு பளுவே இல்லாதபோதும் அந்த வரம்பு மீறப்படும். நியூட்ரல் கம்பியும் சூடேறும். மற்ற இரு பேஸ்களும் சும்மா கிடக்கும். இங்கே புதிய டிரான்ஸ்பார்மர் வேண்டுவதில்லை. இணைப்புகளை மாற்றிப் பங்கிட்டாலே போதும்.

ஆனால் கார் எந்த வீட்டில் இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிந்தாலன்றோ பங்கிடமுடியும்? சாதாரணப் பிளக்கில் மாட்டப்படும் கார் கண்ணுக்குத் தெரியாத பளு. ஆகவே தனி இணைப்பும் தனிக் கட்டணமும் சலுகை மட்டுமல்ல, தகவல் திரட்டும் வழியுமாகும். டில்லியில் கருவி வாங்குவோர் முதல் 30,000 பேருக்கு 6,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டதும், விண்ணப்பங்களை வினியோகக் கம்பெனிகளே பெற்றதும் இவ்வகையில் பயனுள்ள ஏற்பாடுகள். 2024-இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளும், கேட்பவர்க்கு வண்டிக்கெனத் தனி இணைப்பு தரவேண்டும் என்கின்றன. புதிய இணைப்புக்கான கெடு மாநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள்.

கட்டணமும் ஒரு கருவியே. 2024 செப்டம்பரில் வெளியான மத்திய வழிகாட்டு நெறிகளின்படி, பொது நிலையங்களுக்குச் சூரிய சக்தி மிகுந்த பகல் வேளையில் சராசரிச் செலவின் 0.7 மடங்கும், மற்ற வேளைகளில் 1.3 மடங்கும் விலையாகும். அலுவலக வாயில்களில் கருவிகள் அமைந்தால் இவ்வேறுபாடு பலன் தரும். வீட்டு வாயிலில் மட்டும் இருந்தால் பலன் சொற்பமே.

ஈ-ரிக்ஷாக்களின் நிலை வேறு. அவற்றின் பாட்டரி 5 அல்லது 6 யூனிட்டுதான் கொள்ளும். ஆனால் ஓட்டுநர் பலருக்குச் சொந்த மீட்டரோ, நிறுத்துமிடமோ கிடையாது. கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுக்கும் வழக்கம் இங்குதான் பிறக்கிறது. மழைக்காலத்தில் அது உயிருக்கே ஆபத்து. திருட்டு என்று கம்பியை அறுப்பதால் மட்டும் இது தீராது. மறுநாளும் அவர் வண்டி ஓட்டியாகவேண்டும். மீட்டர் பொருத்திய பொதுக் கொட்டகையோ, பாட்டரி மாற்று நிலையமோ அருகில் இருந்தால் கம்பெனிக்கு வருமானமும் ஓட்டுநருக்குப் பாதுகாப்பும் கிட்டும்.

களப்பணியாளர் முதலில் செய்யக்கூடியது எளிது: கோடையில் இரவு 11 மணிக்கு ஒருமுறையும் விடியற்காலை 4 மணிக்கு ஒருமுறையும் மூன்று பேஸ்களின் மின்னோட்டத்தை அளந்து, டிரான்ஸ்பார்மர் வாரியாகக் குறித்துவைத்தல். புதிய விண்ணப்பம் வரும்போது எந்தப் பேஸில் இணைப்பது என்பதை அந்தக் குறிப்பேடே காட்டும்.