நீலப் புள்ளி சொல்வதும் சொல்லாததும்

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிள்ளான் வரை பேருந்திலோ காரிலோ போகலாம். அங்கே கொமுட்டர் இரயில் ஏறினால் ஷா ஆலாம், சுபாங் ஜெயா வழியாகக் கேஎல் சென்ட்ரல் வந்துவிடும். இறங்கிச் சற்று நடந்தால் பிரிக்பீல்ட்ஸ். முழுப் பயணமும் காரில்தான் என்றால், கூட்டரசு நெடுஞ்சாலையா, கெசாஸ் நெடுஞ்சாலையா? நெரிசல் எங்கே? மழை வருமா? அடுத்த இரயில் எத்தனை மணிக்கு?

இத்தனை கேள்விகளுக்கும் இன்று நாம் திறன்பேசியைத்தான் பார்க்கிறோம். வழி காட்ட ஒரு செயலி, வண்டி கூப்பிட ஒரு செயலி, வானிலைக்கு ஒரு செயலி. அவற்றைத் தட்டிப் பயன்படுத்த உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், அவை எதை வைத்துப் பதில் சொல்கின்றன? எப்போது அவற்றின் பேச்சை நம்பக்கூடாது? இதைத் தெரிந்துகொண்டால் பயண நேரம் மிச்சமாகும். சில நாள்களில் உயிரும் தப்பும்.

வானத்தில் ஓடும் கடிகாரங்கள்

வரைபடச் செயலியைத் திறந்ததும் நாம் நிற்கும் இடத்தில் ஒரு நீலப் புள்ளி தெரிகிறது. திறன்பேசி செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பித்தான் இதைத் தெரிந்துகொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. இந்த வேலையில் திறன்பேசி எதையும் அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டியைப் போலக் கேட்க மட்டும் செய்கிறது.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்ற செய்தியை அவை ஓயாமல் ஒலிபரப்புகின்றன. அந்த ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. செயற்கைக்கோள் நேர் மேலே இருந்தால் அலை நம்மை வந்தடைய 0.067 நொடி ஆகும். அலை வந்த நேரத்தை அதன் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடலாம். ஆனால் நம் கைபேசியில் அணுக் கடிகாரம் இல்லையே! அந்த நேரப் பிழையைத் திருத்திக்கொள்ள நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது.

இங்கே நேரத்தில் சிறு பிழைகூடப் பெரிய பிழைதான். ஒரு மைக்ரோநொடி தவறினால் தூரம் 300 மீட்டர் தவறும். ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டின்படி, அந்த உயரத்தில் உள்ள கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்தி ஓடும். அதைக் கணக்கில் எடுத்துத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். கிள்ளானில் நிற்பவரைத் தெலுக் பங்லிமா காராங் பக்கம் காட்டிவிடும்!

திறந்த வானத்தின் கீழ் நம் திறன்பேசியின் பிழை சுமார் 5 மீட்டர்தான். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை கூடும். சுரங்கப் பாதையில் அலையே வராது. அப்போது கடைசியாக இருந்த வேகத்தையும், திறன்பேசிக்குள் இருக்கும் அசைவு உணரிகளையும் வைத்துச் செயலி ஓர் ஊகம் செய்கிறது. மேம்பாலத்தின் மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்று அது சில வேளை குழம்புவதற்கும் காரணம் உண்டு. ஜி.பி.எஸ். உயரத்தைக் கணக்கிடுவதில் அவ்வளவு துல்லியமானதன்று.

இருபது நிமிடத்தில் பிறந்த கணக்கு

இடம் தெரிந்துவிட்டது. இனி வழி வேண்டும். படிவம் 4 கணிதத்தில் வரும் வலையமைப்புப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். சந்திப்புகள் புள்ளிகள், சாலைகள் அவற்றை இணைக்கும் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எடை உண்டு. மொத்த எடை குறைவாக உள்ள பாதையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

1956இல் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு மிகக் குறுகிய வழி எது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, காகிதமும் பேனாவும் இல்லாமல், சுமார் இருபது நிமிடத்தில் விடை கண்டார். 1959இல் அது வெளியானது. இன்றைய வழிகாட்டிச் செயலிகளின் கணக்குகள் அந்த அடித்தளத்தின் மேல் வளர்ந்தவை.

குறுகிய வழியே விரைவான வழி என்று எண்ணிவிடாதீர்கள். 12 கிலோமீட்டர் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 24 நிமிடம் ஆகும். 18 கிலோமீட்டர் சாலையில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 15 நிமிடம் போதும். அதனால்தான் செயலி, தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கோட்டின் எடையாக எடுத்துக்கொள்கிறது.

அந்த நேரம் எப்படித் தெரியும்? சாலையில் போகும் மற்ற திறன்பேசிகளின் வேகம்தான் ஆதாரம். இஸ்ரேலில் பிறந்து 2013இல் கூகுள் நிறுவனத்தின் கைக்கு வந்த வேஸ் செயலி, விபத்து, பழுதான வண்டி, சாலைக் குழி ஆகியவற்றைப் பயனர்களே தெரிவிக்கவும் வழி செய்கிறது. இந்த முறையின் பலவீனத்தை 2020இல் ஜெர்மானியக் கலைஞர் சைமன் வெக்கர்ட் காட்டினார். 99 திறன்பேசிகளை ஒரு சிறிய தள்ளுவண்டியில் போட்டு, பெர்லின் தெருவில் மெதுவாக இழுத்துச் சென்றார். காலியாக இருந்த சாலையைக் கூகுள் வரைபடம் நெரிசல் என்று சிவப்பாகக் காட்டியது. செயலி சாலையைப் பார்ப்பதில்லை, திறன்பேசிகளை மட்டுமே பார்க்கிறது என்பது இதிலிருந்து புரிகிறதல்லவா?

இரயிலும் வாடகை வண்டியும்

பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களுக்குச் சாலை வரைபடம் போதாது. கால அட்டவணை வேண்டும். நிலையங்கள், வழித்தடங்கள், நேரங்கள் ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் எழுதி வைத்தால், உலகின் எந்தச் செயலியும் அதைப் படித்துக்கொள்ளும். இப்படி ஒரு பொது வடிவம் 2005ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் தொடங்கியது. இன்று மலேசிய அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலும் கேடிஎம், ரேப்பிட் கேஎல் சேவைகளின் தரவுகள் அதே வடிவில் கிடைக்கின்றன. ரேப்பிட் கேஎல்லின் மைரேப்பிட் பல்ஸ் செயலியும் பேருந்து, இரயில் பயணத்தைத் திட்டமிட உதவுகிறது. நிரலாக்கம் பழகும் மாணவர்கள் திறந்த தரவை வைத்துத் தங்கள் ஊருக்கென்று ஒரு செயலியே எழுதிப் பார்க்கலாம்.

வாடகை வண்டிச் செயலி ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது. ஆந்தனி தான், தான் ஹூய் லிங் என்ற இரு மலேசியர்கள் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் படித்தபோது உருவான திட்டம், 2012 ஜூன் மாதம் 'மைதெக்சி' என்ற பெயரில் தொடங்கியது. பெண்கள் தனியாக டாக்சியில் பாதுகாப்பாகப் போக முடியவில்லை என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது. யார் ஓட்டுகிறார், வண்டி எண் என்ன, இப்போது எங்கே போகிறது என்பதை வீட்டாரும் பார்க்க முடிந்தால் பயம் குறையும் அல்லவா? அந்தச் சேவைதான் பின்னர் கிராப் ஆக வளர்ந்தது. ஏறுவதற்கு முன் வண்டி எண்ணைச் சரிபார்ப்பதையும், பயணத்தை வீட்டாருடன் பகிர்வதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வந்த நாள்

2021 டிசம்பர் 18ஆம் தேதியைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மறக்காது. ஒரு மாதத்தில் பெய்யக்கூடிய மழை ஏறக்குறைய ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்தார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையின் சில பகுதிகளிலும் நீர் ஏறி, வாகனமோட்டிகள் சிக்கிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட நாளில் வழிகாட்டிச் செயலியை எவ்வளவு நம்பலாம்? சாலை எவ்வளவு நீளம் என்பது அதற்குத் தெரியும். அதன் மேல் எவ்வளவு ஆழத்துக்கு நீர் நிற்கிறது என்பது தெரியாது. யாராவது தெரிவித்தால்தான் உண்டு. வாகனமே போகாத சாலையிலிருந்து வேகத் தகவலும் வராது.

ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். காரின் அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். அடித்தளத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் நீர் ஏறினால், கார் 0.9 கன மீட்டர் நீரை விலக்கும். அந்த நீரின் நிறை 900 கிலோகிராம். ஒரு சிறிய காரின் நிறையும் ஏறக்குறைய அவ்வளவுதான்! உள்ளே நீர் புகுவதற்கு முன்பே கார் மிதக்கத் தொடங்கிவிடும். சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. வேகமாக ஓடும் வெள்ளம் 30 சென்டிமீட்டர் இருந்தாலே பெரும்பாலான கார்களை அடித்துக்கொண்டு போகும். ஆகவே செயலி "நேரே செல்க" என்றாலும், நீர் ஓடும் சாலையில் இறங்க வேண்டாம் என்று அப்பாவிடமோ அண்ணனிடமோ தயங்காமல் சொல்லுங்கள்.

கனமழைக் காலத்தில் கிளம்புவதற்கு முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைகுவாச்சா செயலியில் எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் தளத்தில் ஆறுகளின் நீர்மட்டத்தையும் பார்க்கலாம்.

கிளம்புவதற்கு முன்

• போகும் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள். ஜி.பி.எஸ். கேட்பதற்கு இணையம் தேவையில்லை. வரைபடத்தை இறக்கத்தான் இணையம் வேண்டும். வரைபடம் கையில் இருந்தால், இணையம் இல்லாத இடத்திலும் நீலப் புள்ளி வழி காட்டும்.

• திரையும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து மின்கலத்தை விரைவில் காலி செய்யும். தேவையில்லாத நேரத்தில் திரையை அணைத்து வையுங்கள். வீட்டுத் தொலைபேசி எண்ணைக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

• ஒவ்வொரு செயலிக்கும் "பயன்படுத்தும்போது மட்டும்" இருப்பிட அனுமதி கொடுங்கள். உடற்பயிற்சிச் செயலியான ஸ்டிராவா வெளியிட்ட ஓட்டப் பாதை வரைபடத்தில் இராணுவ முகாம்களின் வடிவம் தெரிவதை 2018இல் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் கண்டுபிடித்தார். நாம் தினமும் போய்வரும் பாதையும் நம் வீட்டைக் காட்டிக்கொடுக்கும்.

• அவசர எண் 999. அழைத்தால், "எங்கே இருக்கிறீர்கள்?" என்றும் கேட்பார்கள்.

செய்து பாருங்கள்

கூகுள் வரைபடத்தில் உங்கள் வீடு இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. கோலாலம்பூர் என்றால் ஏறக்குறைய 3.1, 101.7 என்று தொடங்கும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். அப்படியானால் புள்ளிக்குப் பின் நான்காவது இலக்கம் ஒன்று மாறினால் எத்தனை மீட்டர் மாறும்? கணக்கிட்டுப் பாருங்கள், விடை சுமார் 11 மீட்டர். ஒரு வீட்டை அடையாளம் காட்ட அது போதும்.

செம்பனைத் தோட்டத்தின் நடுவே, சாலைப் பெயர்ப் பலகையே இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டாலும், அந்த இரண்டு எண்களைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர் தொலைந்துபோனவர் அல்லர். இன்று இரவே அதை அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் சொல்லிக்கொடுங்கள்.