மலை ஏரிக்கு மீன் பிடிக்கப் போவோமா?

யானைக்கவுனியில் வாழும் நமக்குத் தண்ணீர் என்றால் இரண்டுதான் தெரியும். ஒன்று குழாயில் வருவது, மற்றொன்று கடல். மீன் என்றால் காசிமேட்டிலிருந்து கூடையில் வந்து சேரும் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி. தூண்டிலைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் பொறுமையாக உட்கார்ந்திருப்பவரை நம்மில் பலர் படத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

இந்த ஆண்டு புவியியல் வகுப்பில் டீச்சர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். "சுற்றுலா போய் வந்து கட்டுரை எழுதுவது எல்லோரும் செய்வதுதான். நீங்கள் போவதற்கு முன்பே எழுதுங்கள். ஒரு பெரிய மலை ஏரிக்கு, வழிகாட்டி ஒருவருடன், மீன் பிடிக்கப் போவதாக வைத்துக்கொண்டு முழுத் திட்டம் தயாரியுங்கள். 24 மாணவியர், 3 ஆசிரியைகள், மூன்று நாள்" என்றார். விளையாட்டாகத் தொடங்கிய அந்த வேலை எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எந்த ஏரி?

தமிழ்நாட்டில் மலை ஏரி என்றதும் கொடைக்கானலும் உதகையும்தான் நினைவுக்கு வரும். இரண்டும் மனிதர் உண்டாக்கியவை. உதகை ஏரி 1820-களில் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் உருவானது. கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரையின் முயற்சி. ஆனால் இவை ஊர் நடுவே இருப்பவை. நாங்கள் தேர்ந்தெடுத்தது நீலகிரியின் குந்தா மலைப் பகுதியில் உள்ள அவலாஞ்சி, எமரால்டு என்னும் இரட்டை நீர்த்தேக்கங்களை. உதகையிலிருந்து அவலாஞ்சி சுமார் 28 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம்.

அவலாஞ்சி என்பது ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவம். 1800-களின் முற்பகுதியில் அங்கே நேர்ந்த பெரிய நிலச்சரிவினால் வந்த பெயர் என்பர். ஏரி பிற்காலத்தது. 1960-களில் கனடா நாட்டின் உதவியோடு வளர்ந்த குந்தா நீர்மின் திட்டத்துக்காக ஓடைகளை மறித்து அணை கட்டினார்கள், பள்ளத்தாக்குகள் நீர்த்தேக்கங்களாயின. நம் வீட்டில் எரியும் விளக்குக்கும் அந்த நீருக்கும் தொடர்பு உண்டு என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

எந்த மீன்?

அங்குள்ள பெயர் பெற்ற மீன் 'டிரௌட்'. அதிலும் விலாவில் இளஞ்சிவப்புப் பட்டையும் உடலெங்கும் கரும்புள்ளிகளும் கொண்ட வானவில் டிரௌட். இது நம் நாட்டு மீன் அன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து ஆறுகளே அதன் முக்கியமான தாயகம். 1863-இல் டாக்டர் பிரான்சிஸ் டே என்பவர் டிரௌட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், சென்னை அரசாங்கத்தின் மீன்வள நிபுணராயிருந்த எச். சி. வில்சன் வானவில் டிரௌட்டை வெற்றிகரமாகக் குடியேற்றினார். 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஏற்பட்டது.

பொரிப்பகத்தில் செய்யும் வேலை நுட்பமானது. முட்டை முதிர்ந்த தாய்மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டைகளைத் தட்டில் எடுப்பார்கள். ஆண்மீனின் விந்தை அதனுடன் கலந்து, ஓடும் குளிர்நீரில் வைப்பார்கள். நீர் 10 டிகிரி வெப்பத்தில் இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கும்.

அந்த மீன் ஏன் நம் புழலேரியில் வாழாது? காரணம் காற்று! குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு மிகுதியாகக் கரையும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11 மில்லிகிராம் கரையுமானால், 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். டிரௌட் நிறைய மூச்சு வேண்டும் மீன். நீர் 20 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும். மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஆக, அவலாஞ்சி கடல் மட்டத்தைவிடச் சுமார் 13 டிகிரி குளிர்ச்சி. புவியியல் பாடத்தில் மனப்பாடம் செய்த எண் இப்படி ஒரு மீனுக்கு உயிர் கொடுக்கும் என்று யார் நினைத்தோம்!

எப்போது போவது?

முதலில் ஆகஸ்டு விடுமுறை நாள்களைக் குறித்தோம். டீச்சர் சிரித்துவிட்டு, மழைக் கணக்கைப் பாருங்கள் என்றார். பார்த்தோம்; திகைத்தோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருக்கிறது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே சுமார் 140 சென்டிமீட்டர்தான். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் சரிவு அது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. மீன் முட்டையிடும் காலமும் அதை ஒட்டியதே. மார்ச்சில் நமக்குத் தேர்வு! எல்லாவற்றையும் கழித்துப் பார்த்து ஏப்ரல் கடைசி வாரத்தைக் குறித்தோம். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் வனப்பகுதியை மூடிவிடுவதும் உண்டு. எனவே வனத்துறையைக் கேட்காமல் தேதியை உறுதி செய்யக் கூடாது என்றும் எழுதிக்கொண்டோம்.

வழிப்பயணம் எளிது. சென்ட்ரல் நிலையம் நமக்கு அடுத்த தெருவைப் போல. இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலில் போக எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் 27 பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பது அரிது என்பதால் வேன் என்று முடிவு செய்தோம். நீலகிரிக்குச் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. அதையும் பட்டியலில் சேர்த்தோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு அம்மாவட்டத்தில் தடை உண்டு. ஆகவே ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி.

ஒரு தந்தையின் கேள்வி

திட்டம் பன்னிரண்டு பக்கம் வளர்ந்தது. பெற்றோர் கூட்டத்தன்று அதை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்தோம். பலரும் பாராட்டினர். எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவர் மட்டும் ஒவ்வொரு பக்கமாக நின்று படித்தார். பிறகு சிஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார்:

"சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்காங்க சிஸ்டர். வழிகாட்டிக்கு ஒரே ஒரு வரிதான். நான் இருபது வருஷமா கடலுக்குப் போறேன். ஆனா என்னை அந்த ஏரியில விட்டா, நான் கத்துக்குட்டிதான். அந்தத் தண்ணிய தெரிஞ்ச ஆளு யாரு? பிள்ளைங்க தண்ணியில விழுந்தா எடுக்கிறது யாரு? அதை மொதல்ல எழுதச் சொல்லுங்க."

எங்களுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அவர் போனபின் மறுபடி உட்கார்ந்து படித்தபோது, அவர் கேட்டது எவ்வளவு நியாயம் என்று புரிந்தது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், பெரியாறு ஏரியில், சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கம் சாய, படகு நிலை தடுமாறியதாகச் சொல்லப்பட்டது. அதுவும் ஒரு மலை ஏரிதான். நமக்கு இன்னும் அருகில், 2011-இல் கிறிஸ்துமஸ் திருநாளன்று, பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். மகிழ்ச்சியாக நாளைக் கழிக்கப் போனவர்கள்தாம் இவர்களும். வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்பட்டவர்கள்தாம்.

மலை ஏரி ஏன் வேறு?

அந்தத் தந்தை சொன்னதன் பொருளை அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

முதலாவது, உப்புநீர் நம்மைத் தாங்குவதுபோல் நன்னீர் தாங்காது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரை பங்கு அதிகம். கடலில் மிதக்கப் பழகியவரும் ஏரியில் சற்று அமிழ்வார்.

இரண்டாவது, கரை. நீர்த்தேக்கம் என்பது நீரில் மூழ்கிய மலைச்சரிவு. இரண்டு அடி எடுத்து வைத்தால் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கலாம். மின்சாரம் எடுக்க நீரைத் திறக்கும்போது மட்டம் இறங்கி, கரையில் வழுக்கும் சேறு வெளிப்படும். மேலே காய்ந்தாற்போல் தெரியும். கால் வைத்தால் புதையும்.

மூன்றாவது, குளிர். மிகக் குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும். அந்த வேளை தலை நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் உள்ளே போகும். சில நிமிடங்களில் கைவிரல்கள் மரத்துப்போகும். நீச்சல் தெரிந்தவரும் முதல் ஒரு நிமிடத்தில் தடுமாறுவது இதனால்தான்.

திருத்திய திட்டம்

பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதினோம். இப்போது வழிகாட்டி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

1. மீன்வளத் துறைக்கும் வனத்துறைக்கும் மூன்று மாதம் முன்பே கடிதம். மீன் பிடிக்க அனுமதி இல்லையென்றால் தூண்டில் இல்லை. ஏரியைப் பார்த்து வருவோம்.

2. வழிகாட்டி அந்த ஏரிக்கரையில் பல்லாண்டு பழகியவராக இருக்க வேண்டும். எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்பதில் அவர் சொல்லே முடிவு. "போதும், திரும்புங்கள்" என்று அவர் சொன்னால், மீன் தூண்டிலைக் கடித்துக்கொண்டிருந்தாலும் திரும்ப வேண்டும்.

3. படகு இல்லை. தூண்டில் மீன்பிடிப்புக்குக் கரையே போதும். (முதல் திட்டத்தில் ஐந்து படகு எழுதியிருந்தோம்!)

4. கரையிலும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேற்சட்டை. எட்டு மாணவியருக்கு ஓர் ஆசிரியை. எறிவதற்குக் கயிறும் மிதவையும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில்.

5. நேரம் காலை 8 முதல் 11 வரை. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவரே தெரியமாட்டார்.

6. கம்பளிச் சட்டை, மாற்று உடை, வழுக்காத காலணி, சூடான காப்பி ஒரு பிளாஸ்கில். நனைந்தவர் உடனே உடை மாற்ற வேண்டும்.

7. தூண்டில் முள்ளில் கொக்கியின் உட்செதில் இல்லாத வகை. கையில் குத்தினாலும் எளிதில் எடுக்கலாம். மீனுக்கும் வேதனை குறைவு.

தூண்டிலில் மண்புழு வைக்க அருவருக்கும் தோழியருக்கு ஒரு நற்செய்தி! டிரௌட் மீன் நீர்மேல் விழும் பூச்சிகளை விரும்பித் தின்னும். ஆகையால் பறவை இறகையும் நூலையும் கொண்டு பூச்சிபோலவே கட்டிய போலி இரையை வீசிப் பிடிப்பது ஒரு கலை. தையல் வகுப்பில் கைதேர்ந்தவர்கள் அதை எளிதாகக் கட்டிவிடுவார்கள்.

பிடித்த மீனை என்ன செய்வது என்றும் விவாதித்தோம். சிலர் திரும்ப விட்டுவிட வேண்டும் என்றார்கள். ஆனால் டிரௌட் வேற்று நாட்டு மீன்; சிறு மீன்களைத் தின்பது. உலகில் பிற உயிர்களுக்கு மிகுந்த தீங்கு செய்யும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இதையும் சேர்த்திருக்கிறார்கள். அழகானது என்பதாலேயே எங்கும் விட்டுவிட முடியாது என்று அறிந்தோம். எனவே இதிலும் துறையினரின் விதிப்படி நடப்பது என்று எழுதினோம். விடச் சொன்னால், கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட வேண்டும். வறண்ட கை பட்டால் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலம் உரிந்துபோகும்.

திருத்திய திட்டத்தை அந்தத் தந்தையிடம் காட்டினோம். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இப்ப என் பொண்ணை அனுப்பலாம்" என்றார். மற்றப் பக்கங்களை அவர் புரட்டவேயில்லை. சாப்பாட்டுப் பட்டியலைக்கூட!

சிஸ்டர் இரு துறைகளுக்கும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பதில் வரட்டும். போகிறோமோ இல்லையோ, நாங்கள் ஒன்று கற்றுக்கொண்டோம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆழம் தெரிந்தவர் யார் என்று தேடிப்போய்க் கேட்பதும், அவர் சொன்னால் கேட்டு நடப்பதும்தான் அப்பழமொழியின் மறுபாதி. அடுத்த முறை நீங்கள் எந்தத் தண்ணீருக்கு அருகில் போனாலும், அன்புத் தோழியரே, அந்தக் கேள்வியை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

– பதினோராம் வகுப்பு மாணவியர்