பாலம் இல்லாத மேடை: இருமொழி நாடகம் பற்றிச் சில குறிப்புகள்

கொஞ்ச நாளாகவே இருமொழி நாடகங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பித்தது நியூயார்க்கில். ஸ்பானிஷ் பேசும் மக்கள் லட்சக்கணக்கில் வாழும் நகரம் அது. அங்கே ஸ்பானிஷ் நாடகம் போடுகிறவர்கள், ஆங்கிலம் மட்டும் தெரிந்த பார்வையாளர்களை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். அங்கிருந்து கலிஃபோர்னியா, தஞ்சாவூர், சிங்கப்பூர் என்று சுற்றி, கடைசியில் எங்கள் ஊர் கன்னிவாடியில் வந்து நின்றேன். அந்தச் சுற்றை எழுதி வைக்கிறேன்.

கேள்வி ரொம்ப சாதாரணமானது. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரு மொழி மட்டும் தெரியும். மீதிப் பேருக்கு இன்னொரு மொழி மட்டும் தெரியும். நாடகத்தை எந்த மொழியில் போடுவது?

முதல் வழி, இரண்டு ராத்திரி போடுவது. மிரியம் கோலோன் என்ற நடிகை 1967-ல் நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கன் டிராவலிங் தியேட்டர் என்ற குழுவைத் தொடங்கினார். தியேட்டருக்கு வராத ஏழை மக்களிடம் நாடகத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று தெருக்களிலும் பூங்காக்களிலும் நடத்தினார்கள். பிற்பாடு பழைய தீயணைப்பு நிலையம் ஒன்று அவர்களுடைய அரங்கமானது. அங்கே ஒரே நாடகத்தை ஒரு நாள் ஸ்பானிஷிலும் இன்னொரு நாள் ஆங்கிலத்திலும் போடுவார்கள். நடிகர்களுக்கு இரண்டு மொழியும் மனப்பாடமாக இருக்க வேண்டும். 

இரண்டாவது வழி கருவி. அதே நகரில் 1968-ல் தொடங்கிய ரெபர்ட்டோரியோ எஸ்பஞ்ஞோல் குழு ஸ்பானிஷில்தான் நடிக்கும். ஆங்கிலக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பு தனியாக வந்துவிடும், முன்பு காதில் மாட்டும் ஹெட்ஃபோனில், பிறகு முன் இருக்கையின் முதுகில் ஓடும் எழுத்தில்.

மூன்றாவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. 1965-ல் கலிஃபோர்னியாவின் டெலானோ வட்டாரத்தில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிலிப்பினோத் தொழிலாளர்கள் தொடங்க, மெக்சிகோ வழி வந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் போராட்டத்துக்குள்ளேயே லூயிஸ் வால்டெஸ் ‘எல் தியாத்ரோ கம்பெசினோ’ என்ற குழுவை உண்டாக்கினார். விவசாயத் தொழிலாளர் நாடகம் என்று அர்த்தம். நடித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள்தான். லாரியின் திறந்த பின்தட்டுதான் மேடை. வசனத்தில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் அவர்கள் வீட்டில் கலந்து வருவது மாதிரியே வரும். கழுத்தில் ஒரு அட்டை தொங்கும், ‘முதலாளி’, ‘கருங்காலி’ என்று. கருங்காலி அட்டையை மாட்டிக்கொண்டு ஒருவன் நடந்து வந்தால் போதும், எந்த மொழிக்காரனுக்கும் விளக்கம் தேவைப்படாது.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்றால், சொல்லப்போனால் நாம் இதில் பழம் பெருச்சாளிகள். தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட மராட்டிய மன்னர் ஷாஜி பெயரில் ‘பஞ்சபாஷா விலாசம்’ என்று ஒரு நாடகம் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் என ஐந்து மொழி. ஒவ்வொரு தேசத்துப் பெண்ணும் தன் மொழியில் பேசுவாள். மராட்டிய ராஜா, தெலுங்கு இலக்கியம், தமிழ்க் குடிகள், சமஸ்கிருத பண்டிதர்கள் என்று இருந்த அரண்மனைக்கு அது இயல்பான நாடகம்தான். அதே தஞ்சை வட்டாரத்தில், மெலட்டூரில், இன்றும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கிறது. சுற்றிலும் தமிழ் ஊர்கள், மேடையில் ராத்திரி முழுக்கத் தெலுங்குப் பாட்டு.

கேரளத்துக் கூடியாட்டத்தில் இதற்கென்றே ஒரு ஆள் உண்டு, விதூஷகன். நாயகன் சமஸ்கிருத சுலோகம் சொல்வான். கோமாளியான விதூஷகன் அதை மலையாளத்தில் விரித்துச் சொல்லி, கிண்டலடித்து, ஊர் நியாயம் பேசி, சபையை உள்ளே இழுத்துவிடுவான். நாயகனுக்கும் நமக்கும் நடுவில் அவன் ஒரு பாலம்.

இதைப் படித்தபோதுதான் எங்கள் ஊர் ஸ்பெஷல் நாடகம் ஞாபகத்துக்கு வந்தது. தெரியாதவர்களுக்கு: மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் ராத்திரி பத்து மணி சுமாருக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும் நாடகம் இது. பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த வழி. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. நேராக மேடையில்தான் சந்திப்பார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாட்டிலும் தர்க்கத்திலும் செய்யுள் தமிழ் பேசுவார்கள். பபூன் நம் வீட்டுத் திண்ணைத் தமிழ் பேசுவார். ஒரே மொழிதான், ஆனாலும் மேடையில் ரெண்டு மொழி.

எங்கள் ஊரில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. கன்னிவாடி, திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். நாயக்கர் காலத்துப் பாளையம், பிறகு ஜமீன். அதனாலேயே இந்தப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. திண்டுக்கல் டவுனுக்குப் போனால் சௌராஷ்டிரம், உருது, கன்னடம் எல்லாம் காதில் விழும். எங்கள் வீட்டிலும் அவ்வா (பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) தெலுங்குதான் பேசும். எழுத்து கிடையாது, பேச்சு மட்டும். தண்ணிக்கு ‘நீள்ளு’, வீட்டுக்கு வா என்பதற்கு ‘இண்டிக்கி ரா’. ஆந்திராக்காரர் யாராவது கேட்டால் சிரிப்பார்கள், பாதி தமிழ் கலந்திருக்கும்.

ஒரு வருஷம் திருவிழாவில் வள்ளி திருமணம். அவ்வா சாக்கை விரித்து என்னையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தது. அந்த வருஷம் வந்த பபூன் முன்வரிசைக் கிழவிகளைப் பார்த்துத் திடீரென்று, “ஏமவ்வா, பாகுன்னாவா?” என்று ஒரு குரல் விட்டார். நல்லா இருக்கியா என்று கேட்டார், அவ்வளவுதான். அந்த வரிசையே குலுங்கிச் சிரித்தது. வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும்போது அவ்வா தூங்கிவிட்டது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது, தனக்கென்றே அந்த நாடகம் நடந்த மாதிரி.

ஆக, இரண்டு ராத்திரி, ஹெட்ஃபோன், கழுத்து அட்டை, விதூஷகன், பபூன் எல்லாமே பாலங்கள். புரியாதவர்களுக்குப் புரிய வைக்கும் வேலை. இருமொழி நாடகம் என்றால் நல்ல பாலம் கட்டுவதுதான் என்று நான் முடிவுக்கே வந்துவிட்டேன். சிங்கப்பூர் நாடகம் ஒன்றைப் படித்ததும் அந்த முடிவு ஆட்டம் கண்டுவிட்டது.

குவோ பாவ் குன் என்பவர் எழுதிய நாடகம் அது. 1939-ல் சீனாவில் பிறந்து பத்து வயதில் சிங்கப்பூர் வந்தவர். ஆஸ்திரேலியாவில் நாடகம் படித்துத் திரும்பி, 1965-ல் மனைவி கோ லே குவானுடன் சேர்ந்து நாடக, நடனப் பள்ளி தொடங்கினார். 1976-ல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டு 1980-ல்தான் வெளியே வந்தார். இடையில் குடியுரிமையும் போனது, அது திரும்பக் கிடைக்க 1992 ஆனது.

அவர் சிறையில் இருந்த காலத்தில் வெளியே ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூருக்கு ஆட்சிமொழிகள் நான்கு: மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம். ஆனால் அங்கிருந்த சீனர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது மாண்டரின் இல்லை. ஹொக்கியன், தியோச்சு, கான்டனீஸ் என்று தனித்தனிப் பேச்சுகள். ஒன்று பேசுபவருக்கு இன்னொன்று எளிதில் புரியாது. 1979-ல் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கத்தை அரசு தொடங்கியது. தொலைக்காட்சி, வானொலியிலிருந்து ஹொக்கியனும் கான்டனீஸும் படிப்படியாக அகற்றப்பட்டன. பள்ளிகளில் ஆங்கிலம் முதன்மை மொழியானது. பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, நாடு வளர்ந்தது, யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே வீட்டில் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் சுவர் எழும்பிவிட்டது.

1988-ல் குவோ மேடையேற்றிய ‘அம்மா தன் பூனையைத் தேடுகிறாள்’ இந்தச் சுவரைப் பற்றியதுதான். நடிகர்களோடு சேர்ந்து பயிற்சியில் உருவாக்கிய நாடகம். பல இனத்தவர் சேர்ந்து நடித்தார்கள், ஹொக்கியன், மாண்டரின், ஆங்கிலம், தமிழ், மலாய் எல்லாம் மேடையில் ஒலித்தன. சிங்கப்பூரின் முதல் பன்மொழி நாடகம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். கதை சின்னது. அம்மாவுக்கு ஹொக்கியன்தான் தெரியும். வளர்ந்த பிள்ளைகள் மாண்டரினும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். அம்மா தன் பாசத்தையெல்லாம் ஒரு பூனை மேல் வைக்கிறாள். பூனை காணாமல் போகிறது. அம்மா தேடிப் போகிறாள்.

வழியில் ஒரு தமிழ்க் கிழவரைப் பார்க்கிறாள். அவரும் பூனையைத் தொலைத்தவர். அவள் ஹொக்கியனில் பேச, அவர் தமிழில் பேசுகிறார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. கையை ஆட்டி, பூனை மாதிரி சத்தம் போட்டு, தன் பூனை எப்படி இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நாடகத்திலேயே மனசுவிட்டுப் பேசிக்கொள்ளும் ஜோடி இவர்கள்தான்.

இந்தக் காட்சியில் விதூஷகன் இல்லை, பபூன் இல்லை. பாலமே கிடையாது. ஏன் கிடையாது என்று யோசித்தால்தான் விஷயம் பிடிபடுகிறது. பாலம் கட்டியிருந்தால், ‘இவள் சொல்வது இதுதான்’ என்று சபைக்குச் சொல்லி முடித்துவிடலாம், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பாலம் இல்லாததால் பார்ப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். ஹொக்கியன் தெரியாத இளைஞனுக்கு மேடையில் இருக்கும் அம்மா பேசுவது புரியாது. வீட்டில் இருக்கும் தன் பாட்டி பேசுவதும் அவனுக்கு அப்படித்தானே? தமிழர்களுக்குத் தமிழ் புரியும், ஹொக்கியன் புரியாது. பழைய சீனக் கிழவிக்கு ஹொக்கியன் புரியும், தமிழ் புரியாது. அந்தச் சபையில் எல்லாம் புரிந்தவர் என்று அநேகமாக ஒருத்தரும் இருக்க முடியாது. புரியாமையை எல்லோருக்கும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டார் குவோ. வழக்கமாக அது முழுக்க ஒரே ஒரு தரப்பின் தலையில்தான் விழும், கிழவிகள் தலையில்.

இன்னொன்றும் கவனித்தேன். சிங்கப்பூரில் தமிழ் சிறுபான்மை மொழி, ஆனால் ஆட்சிமொழி. ஹொக்கியன் பெரிய கூட்டத்தின் பேச்சு, ஆனால் எந்த அந்தஸ்தும் கிடையாது. அந்தக் காட்சியில் ரெண்டும் சரிசமமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. படித்தபோது ஒரு தமிழனாக எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, உலகத்தின் முக்கியமான நாடகம் ஒன்றில் நம்ம கிழவர் ஒருத்தர் தமிழில் பேசுகிறார் என்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கன்னிவாடியில் நான் அந்தக் கிழவர் பக்கம் இல்லை. பிள்ளைகள் பக்கம்.

அவ்வா கடைசி சில மாதங்கள் படுத்த படுக்கை. நன்றாகத் தமிழ் பேசிய மனுஷிதான், சந்தைக்குப் போகும், பேரம் பேசும். படுத்த பிறகு தமிழ் அதன் வாயிலிருந்து போய்விட்டது, தெலுங்கு மட்டும் நின்றது. நான் சின்ன வயதில் தெலுங்கைக் காதால் கேட்டு வளர்ந்தவன், பதில் எப்போதும் தமிழில்தான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று வெட்கம். விடுதி, காலேஜ், வேலை என்று போனதில் காதும் மரத்துப்போனது. அவ்வா என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொல்லும். நான் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பேன். அம்மா, “உன்னை நல்லா இருக்கச் சொல்லுது” என்பார். அவ்வளவு நீளமான பேச்சுக்கு அவ்வளவு சின்ன மொழிபெயர்ப்பு. மீதி என்ன என்று நான் கேட்கவில்லை.

யாரும் எங்கள்மேல் எந்த இயக்கமும் நடத்தவில்லை, யாரும் எதையும் தடை செய்யவில்லை. தமிழ் தேவைப்பட்டது, தமிழ் படித்தோம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பாலமாக இருந்தது அம்மா ஒருத்தர்தான், அவருக்கும் வயதாகிறது என்பது இந்த நாடகத்தைப் படிக்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

குவோ 2002-ல் இறந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் த. சசிதரனோடு சேர்ந்து ஒரு நடிப்புப் பள்ளி தொடங்கினார். கூடியாட்டம், சீனத்து பீகிங் ஆப்பெரா, ஜப்பானின் நோ, ஜாவாவின் வாயாங் வோங் எல்லாம் அங்கே பாடங்கள். விதூஷகனுக்குச் சொந்தமான கலை அங்கே போய்ச் சேர்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

போன முறை ஊருக்குப் போனபோது ஒரு நோட்டு வாங்கி, அம்மாவிடம் உட்கார்ந்து தெலுங்கு வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். இதுவரை பதினெட்டுப் பக்கம். எழுத முடியாத சத்தங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றுக்கு நானாக ஏதோ குறி போட்டு வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் போனில் பேசும்போது முதல் வார்த்தை நான்தான் போடுகிறேன், “ஏமம்மா, பாகுன்னாவா?” என்று. அந்த பபூன் தொனி அப்படியே வருகிறது என்று அம்மா சிரிக்கிறார். சிரித்துவிட்டுத் தமிழில் பதில் சொல்கிறார்.