சாணி போன வழி

சென்னை மந்தைவெளியில் மாடுகள் மேய்ந்து, மாம்பலத்து ஏரியில் தண்ணீர் குடித்த காலத்தில் சாணி ஒரு தொல்லையாக இருந்ததில்லை. போதவில்லையே என்பதுதான் குறை. தெருவில் மாடு சாணி போட்டால் அது வெயிலில் காய்வதற்குள் யாராவது அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பால்காரர் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்து கறந்து கொடுத்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கண்ணெதிரே கறந்தால்தான் பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று நம்புவார்கள். கன்று செத்துப்போன மாட்டுக்கு வைக்கோல் அடைத்த தோல்கன்றைக் காட்டி மடி சுரக்க வைப்பதும் வாசலிலேயே நடக்கும். மாடு அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் பின்னாலேயே கூடையோடு ஒரு பெண் வருவார். சாணியை அள்ளிக்கொண்டு போய், தவிடோ வைக்கோல் துணுக்கோ சேர்த்துப் பிசைந்து, மதில் சுவரில் ஓங்கித் தட்டுவார். ஐந்து விரலும் பதிந்த வறட்டிகள் சுவர் முழுக்க வரிசையாகக் காயும். காய்ந்ததும் பெயர்த்து அடுக்கி விற்றுவிடுவார். வெந்நீர் அடுப்புக்கும், பாலை நின்று நிதானமாகக் காய்ச்சுவதற்கும், திருநீற்றுக்கும், மயானத்துக்கும் வறட்டி வேண்டும். மிச்சம் இருந்த சாணி எருக்குழிக்குப் போகும். அப்போது கோட்டூரிலும் வேளச்சேரியிலும் திருவான்மியூரிலும் கழனிகள் இருந்தன, அடையாற்றங்கரையில் கீரைப் பாத்திகள் இருந்தன. அங்கே எருவுக்கு விலை உண்டு.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வறட்டியை எரித்தால் சாணியில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) புகையோடு போய்விடும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சாம்பலில் தங்கும். பிரிட்டிஷ் அரசு அழைத்து வந்த வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் இந்தியா முழுவதற்கும் சொன்ன குறையே இதுதான்: விறகு இல்லாததால் உரத்தை எரிக்கிறார்கள், விறகு கிடைக்க வழி செய்தால் வயல் பிழைக்கும். வறட்டிப் புகையில் கண் எரிந்தவர்களும், மழையிலும் வெயிலிலும் கூடை சுமந்தவர்களும் சொந்தமாக மாடோ நிலமோ இல்லாத பெண்கள்தான். அதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் ஒன்று உண்மை: சாணி தண்ணீருக்குப் போகவில்லை. அடுப்புக்குப் போனது, வயலுக்குப் போனது. ஆற்றுக்குப் போவதற்கு மிச்சம் இல்லை.

பிறகு ஒவ்வொரு வாசலாக அடைபட்டது. 1920களில் மாம்பலத்து நெடுங்குளத்தை வற்றவைத்து தியாகராய நகர் எழுந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அடையாறு காந்தி நகர், அப்புறம் கோட்டூர்புரம், இந்திரா நகர், பெசன்ட் நகர் என்று கழனிகள் மனைகளாயின. சிலிண்டர் வந்ததும் வறட்டிக்கு அடுப்பில் வேலை போயிற்று. ஆவின் பாக்கெட் வந்ததும் வாசலில் கறக்கும் பால்காரர் போனார். மாடுகள் மட்டும் போகவில்லை. கோயிலைச் சுற்றிய சந்துகளிலும் கால்வாய் ஓரத்திலும் இன்றும் கறவை மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது தீவனம். முன்பு மாடு உள்ளூர்ப் புல்லைத் தின்றது, சாணி உள்ளூர் மண்ணுக்குத் திரும்பியது. இன்று வைக்கோல் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் லாரியில் வருகிறது. புண்ணாக்கு எங்கோ விளைந்த கடலையிலிருந்தும் எள்ளிலிருந்தும் வருகிறது. கோயம்பேட்டுக் காய்கறிக் கழிவும் கல்யாண மண்டபத்து வாழை இலையும் தொட்டியில் விழுகின்றன. எந்தெந்த வயலிலோ எடுத்த தழைச்சத்தும் மணிச்சத்தும் மூட்டை மூட்டையாக நகரத்துக்குள் வருகின்றன. பாலில் போவது கொஞ்சம்தான். பெரும்பகுதி சாணியிலும் கோமியத்திலும் வெளியே வருகிறது. திரும்பிப் போகும் வழிதான் இல்லை.

முண்டகக்கண்ணியம்மன் கோயில் ரயில் நிலையத்தின் பின்புறத் தெருக்களில் விடியற்காலையில் நடந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில். சிமென்ட் தரை தெருப்பக்கம் சரிவாக இருக்கிறது. கறந்து முடித்ததும் ஒரு அம்மா கெட்டியான சாணியை மண்வெட்டியால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தள்ளுகிறார். மிச்சத்தையும் கோமியத்தையும் ஹோஸ் குழாய் வைத்துத் தென்னந்துடைப்பத்தால் கழுவிவிடுகிறார். பச்சையும் பழுப்புமான தண்ணீர் சந்தின் குறுக்கே ஓடி, மழைநீர் வடிகாலின் கம்பிச் சல்லடைக்குள் இறங்குகிறது. கழுவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தொட்டியில் இருக்கும் சாணியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“யார் சார் வாங்குறா சாணிய? கிரகப்பிரவேசத்துக்கு ஒரு உருண்டை கேப்பாங்க, ஓமத்துக்கு நாலு வறட்டி கேப்பாங்க, அவ்ளோதான். வைக்கோல் லாரிக்காரன்கிட்ட சும்மாவே எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். ஏத்துக்கூலி யார் குடுக்கறதுன்னு கேக்கறான்.”

அந்த வடிகால் பக்கிங்ஹாம் கால்வாயில் போய்ச் சேருகிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தப் பகுதி 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களின் உழைப்பால் வெட்டப்பட்டது. நெல்லும் விறகும் படகில் வந்த கால்வாய் அது. இப்போது பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள் நிற்கின்றன. தி.நகர்ப் பக்கத்துக் கழிவுக்கு மாம்பலம் கால்வாய் இருக்கிறது. அது நந்தனத்தில் அடையாற்றில் விழுகிறது. எந்த வழியாகப் போனாலும் சேருமிடம் அடையாற்று முகத்துவாரம்.

பயிருக்கு உரமாகும் சத்து தண்ணீருக்குள் போனால் அங்கேயும் விளைவிக்கத்தான் செய்யும். பாசி பெருகும், ஆகாயத்தாமரை கம்பளம் போல மூடும். அவை அழுகும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைக் குடித்துவிடுகின்றன. முகத்துவாரத்தை மணல்திட்டு அடைக்கும் மாதங்களில் கடல்நீர் உள்ளே வந்து கழுவவும் வழியில்லை. மீன் செத்து மிதக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களின் வலையில் அந்த நட்டம் தெரியும். பாசியின் கேடு மீனோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் 2014 ஆகஸ்டில் ஏரிப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்து, நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். ஏரிக்கு அந்தச் சத்தைப் பெரும்பாலும் அனுப்பியவை ரசாயன உரமும் கால்நடை எருவும் போட்ட வயல்கள்.

அடையாற்றைக் கெடுத்தது மாடுகள்தான் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். மனிதர்களின் சாக்கடைதான் பெரும்பங்கு. ஆனால் சாக்கடையில் சோப்பு, எண்ணெய், மருந்து, ஆலைக்கழிவு எல்லாம் கலந்து கிடக்கிறது. அதிலிருந்து சத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கொட்டிலில் விழும் சாணியோ எதுவும் கலக்காமல், ஒரே இடத்தில், தினமும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. எளிதாக மீட்கக்கூடியதைக்கூட நாம் மீட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எவ்வளவு மீட்கலாம்? பத்து மாட்டுக் கொட்டிலில் நாளுக்குச் சுமார் 100 கிலோ சாணியும் 60 லிட்டர் கோமியமும் சேரும். பச்சைச் சாணியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. கோமியத்தில் நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தழைச்சத்து. யூரியாவாகக் கணக்கிட்டால் 2 கிலோ, மாதத்துக்கு 45 கிலோ மூட்டை ஒன்றுக்கும் மேலே. ஊரின் வடகோடியில் மணலியில் 1971 முதல் யூரியா தயாராகிறது. ஊரின் தென்பாதியில் அதே சத்தை ஹோஸ் வைத்துக் கழுவி விடுகிறோம். மணிச்சத்து இன்னும் அருமையானது. அதைக் காற்றிலிருந்து செய்ய முடியாது, பாறையிலிருந்துதான் வெட்ட வேண்டும். அந்தப் பாறைக்கு இந்தியா பெரும்பாலும் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறது. மாட்டின் மணிச்சத்து அனேகமாக முழுவதும் சாணியில்தான் இருக்கிறது. தழைச்சத்தில் பெரும்பகுதி கோமியத்தில் இருக்கிறது. ஆகவே சாணியை மட்டும் அள்ளி, கோமியத்தைக் கழுவி விட்டால் பாதி வேலைதான் ஆகும்.

வழி தெரியாத ஊர் அல்ல இது. அடையாற்றுக்கு அடுத்த தரமணியில், முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி என்ற வேதிப்பொறியாளர் 1970களின் கடைசியிலேயே இதில் இறங்கியிருந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் கழிவுநீர், எலும்புத் தூள், சிறுநீர் போன்ற கிராமத்துக் கழிவுகளிலிருந்தே சத்தை எடுத்து ஸ்பைருலினா என்ற நுண்பாசியை வளர்க்கலாம் என்று அவர் குழு காட்டியது. 1979இல் அது ஆய்விதழிலும் வந்தது. கால்வாயில் எது பாசியாகிக் கேடு செய்கிறதோ, அதையே தொட்டிக்குள் பாசியாக்கிப் புரதமாக எடுக்கும் வழி. விலை உயர்ந்த ரசாயனம் வாங்க முடியாத குடும்பத்துக்கும் இது எட்ட வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. இந்தப் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகள் கேள்விப்படாமலேயே வளர்வது எனக்கு வருத்தம் தருகிறது.

சாண எரிவாயு என்றதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கலனிலிருந்து வாயுவாகப் போவது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். தழைச்சத்தும் மணிச்சத்தும் அப்படியே கரைசலில் இருக்கின்றன. அந்தக் கரைசலைச் சாக்கடையில் விட்டால் ஆற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை. கெட்டியைப் பிழிந்து மண்புழு உரமாக்கலாம். வடிநீரில் மெக்னீசிய உப்பைச் சேர்த்துக் காரத்தன்மையைச் சற்று உயர்த்தினால், ஸ்ட்ரூவைட் என்ற வெண்மணிகள் அடியில் படியும். அதில் மணிச்சத்தும் கொஞ்சம் தழைச்சத்தும் கட்டுண்டு இருக்கும். மண்ணில் போட்டால் மெதுவாகக் கரையும். மெக்னீசியத்துக்குத் தூரம் போக வேண்டாம். உப்பு எடுத்த பின் உப்பளத்தில் மிஞ்சும் கசப்பு நீரில் அது ஏராளம், கேளம்பாக்கம் பக்கத்திலேயே உப்பளங்கள் இருந்திருக்கின்றன.

மாநகராட்சி இதுவரை மாட்டைப் பார்த்த விதம் வேறு. நகர்ப்புறங்களில் கால்நடை வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997இலேயே சட்டம் வந்தது. தெருவில் திரியும் மாட்டைப் பிடித்தால் விதிக்கும் அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆகி, பிறகு 10,000 ஆயிற்று. மாடு முட்டிக் குழந்தைகளும் முதியவர்களும் அடிபட்ட பிறகு வந்த நடவடிக்கை, அதில் எனக்குக் குறையில்லை. இப்போது மாநகராட்சியே கொட்டகை கட்டி, ஒரு மாட்டுக்கு நாளுக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டு கட்டிவைக்க இடம் தருகிறது. மாடு தெருவுக்கு வராமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நான் இதில் இன்னொன்றைப் பார்க்கிறேன். பல சந்துகளில் சிதறி விழுந்த சாணியும் கோமியமும் முதல் தடவையாக ஒரே கூரையின் கீழ் சேரப்போகின்றன.

அப்படியானால் கேட்க வேண்டியவை சில உண்டு. தரையின் சரிவு எந்தப் பக்கம்? கோமியத்துக்குத் தனி வாய்க்காலும் தொட்டியும் இருக்கிறதா, அல்லது அங்கேயும் மழைநீர் வடிகால்தானா? சாணிக்கு மழை படாத குழி இருக்கிறதா? மழையில் நனைந்த குவியலிலிருந்து வழியும் சாறு கால்வாய்க்குத்தான் போகும். கட்டடம் எழும்பிய பிறகு தரையை உடைத்துச் சரிவை மாற்றுவது எத்தனை சிரமம் என்று கொத்தனார் யாரைக் கேட்டாலும் சொல்வார். வார்டு உறுப்பினரிடம் இதைக் கேட்க வேண்டியது கொட்டகைக்கு அஸ்திவாரம் போடும்போதே.

ஏற்றுக்கூலியையும் மாநகராட்சி ஏற்க வேண்டும். வைக்கோல் இறக்கிய லாரி மக்கிய எருவை ஏற்றிக்கொண்டு திருப்போரூர், செங்கல்பட்டுப் பக்கத்து வயல்களுக்குத் திரும்பலாம். ஆகாயத்தாமரையை இயந்திரம் வைத்து ஆண்டுதோறும் வாரும் செலவில் ஒரு துண்டு போதும் என்பது என் கணிப்பு. நாலு மாடு வைத்துப் பிழைக்கும் அந்த அம்மா கூடத் தயாராகத்தான் இருக்கிறார். சாணியைச் சும்மாவே கொடுக்கிறேன் என்று அவர்தான் முதலில் சொன்னார்.