ஒகேனக்கல்லும் பிறப்புச் சொல்லும்

ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளினிடையே வீழுங்கால் எழும் நீர்த்திவலை புகைபோலத் தோன்றும். அதுபற்றியே, புகையை உணர்த்தும் ‘ஹொகெ’ என்னும் கன்னடச் சொல்லொடு ‘கல்’ சேர்ந்து அப்பெயர் ஆயிற்று என்ப. அந்த ‘ஹொகெ’ தமிழ்ப் ‘புகை’யினின்று பிறந்ததெனப் பெருமிதங்கொள்வாரும் உளர். அது பொருந்தாது. பழங்கன்னடத்துப் பால், பல் என்பன மொழிமுதற் பகரந் திரிந்து பிற்காலத்து ஹாலு, ஹல்லு என நின்றாற்போல, ‘பொகெ’ என்பதே ‘ஹொகெ’ ஆயிற்று. அப் ‘பொகெ’யும் நம் ‘புகை’யும் ஒரு மூலத்திராவிடச் சொல்லின் மக்கள். உடன்பிறந்தாரைத் தாயும் மகளும் ஆக்குதல் முறையன்று.

ஒன்றினின்று ஒன்று ‘பிறந்தது’ என்னும் வழக்கு துறைதோறும் வேறுபடும். இலக்கணத்தில் ‘நட’ என்னும் பகுதி ‘நடை’யினுள் ஒலியும் பொருளுமாய் நிற்கும். சித்தாந்தத்தின் சற்காரியவாதம் இன்னும் நுண்ணிது: குடம் மண்ணிற் சூக்குமமாய் முன்னரே உள்ளது, இல்லது தோன்றாது. வேதியியலார் சாலிசிலிக் அமிலத்தினின்று ஆக்கிய ஆஸ்பிரினை அதன் பெறுதி என்பர். கணிதமோ முற்றும் வேறு. 1797இல் லாக்ராஞ்சி ‘பிறந்த சார்பு’ எனப் பெயரிட்ட வகைக்கெழு, மாற்றத்தின் விரைவையே குறிக்கும். ஆற்றில் நீர் எத்தனை அடி என்பது ஒன்று. இக்கணத்தில் அஃது எவ்விரைவில் ஏறுகின்றது என்பது அதனினின்று பிறந்த மற்றொன்று. வெள்ளக்காலத்துப் பரிசல் செலுத்துவார்க்கு முன்னதினும் பின்னதே அச்சந்தருவது.