கானா: அணையும் ஆட்சியும்

1957-இல் விடுதலை பெற்ற கானா, அந்நியச் செலாவணிக்குப் பெரிதும் கோக்கோ ஒன்றையே நம்பியிருந்தது. விலையை நிர்ணயித்ததோ வெளிநாட்டுச் சந்தை. இந்நிலையை மாற்றவே அதிபர் நிக்ருமா வோல்ட்டா ஆற்றின் குறுக்கே அகோசோம்போ அணையை எழுப்பினார். ஆயின் மூலதனத்திற்காக அமெரிக்க அலுமினிய நிறுவனங்களின் நிபந்தனைகளை ஏற்க நேர்ந்தது. அவற்றின் ஆலைக்கு மிகக் குறைந்த விலையில் மின்சாரம். மூலப்பொருளான அலுமினா மட்டும் இறக்குமதி. கானாவின் மண்ணிலேயே பாக்சைட் கிடைத்தது என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது.

1965-இல் கோக்கோ விலை சரிந்தது. கடன் சுமை அழுத்தியது. 1966 ஜனவரியில் அணை திறக்கப்பட்டது. பிப்ரவரி 24-ஆம் நாள், நிக்ருமா சீனா சென்றிருந்தபோது, இராணுவமும் காவல்துறையும் ஆட்சியைக் கைப்பற்றின. அமெரிக்க அரசு இச்சதியை முன்பே அறிந்திருந்தது என்பது பின்னர் வெளியான அதன் ஆவணங்களாலேயே தெளிவாகிறது. எனினும் 1958-ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டமும், 1964-இல் வந்த ஒரு கட்சி ஆட்சியும் மக்களை ஏற்கெனவே அவரிடமிருந்து விலக்கியிருந்தன. தலைநகர் அக்ராவில் அவருடைய சிலை வீழ்த்தப்பட்டபோது கூட்டம் ஆரவாரித்தது.